இரண்டாம் படைப்பும் இரு தராசுகளும்

ஒரு படைப்பாளியின் முதற்படைப்பு பெரும்புகழ் பெற்றுவிட்டால், அவருடைய இரண்டாம் படைப்பு கடனாளியாகவே பிறக்கிறது. அதனை எடுத்துப் பார்ப்போர் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. மூத்ததன் சாயல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தேடுகிறார்கள். சாயல் இருந்தால் “இதில் புதுமை என்ன?” என்பார்கள், இல்லாவிட்டால் “குலம் கெட்டது” என்பார்கள். காவியங்களுக்கும் நாவல்களுக்கும் திரைப்படங்களுக்கும் நேர்ந்த இவ்விதி, நம் காலத்தில் பிறந்த ஒரு புதுக்கலைக்கும் நேர்ந்திருக்கிறது. அவ்வழக்கை நம் வாசகர்களோடு அமர்ந்து ஒருமுறை விசாரித்துப் பார்க்க விழைகிறோம்.

நாம் குறிப்பிடும் கலை வீடியோ கேம். “இவ்வேட்டில் விளையாட்டுச் சாமானுக்கு என்ன வேலை?” என்று பெரியவர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். எனினும், இன்று நம் இல்லங்களில் மாலை நேரத்தை எடுத்துக்கொள்வது எது என்பதை அவர்களே அறிவார்கள். பிள்ளைகளின் பொழுதை ஆள்கிற ஒன்றை எடைபோடக் கற்றுக்கொள்வது பெற்றோருக்கும் கடமையன்றோ? எடைபோடாமலே தள்ளுவதும் எடைபோடாமலே கொள்ளுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ‘அயன் ஸ்டார்ம்’ என்ற நிறுவனத்தின் கிளை ஒன்று இயங்கியது. வாரன் ஸ்பெக்டர் என்பவரின் தலைமையில் அங்கே உருவாகி, 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த ஆட்டம் ‘டேயஸ் எக்ஸ்’. கதை நிகழும் காலம் 2052. மனித உடலுக்குள் நுண்ணிய இயந்திரங்களைப் புகுத்தி அதன் ஆற்றலைப் பெருக்கும் விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது. அதே நேரத்தில் வறுமையும் கொள்ளைநோயும் உலகை வாட்டுகின்றன. அரசுகளுக்குப் பின்னால் மறைவான கூட்டங்கள் நின்று ஆட்டிவைக்கின்றன. இத்தகைய இருண்ட எதிர்காலக் கதைகளுக்குச் ‘சைபர்பங்க்’ என்று பெயர். ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, காவலர் கண்ணில் படாமல் ஒளிந்து சென்றோ, பேசியோ, பூட்டைத் திறந்தோ, சண்டையிட்டோ தம் வழியைத் தாமே வகுத்துக்கொள்கிறார். வன்முறை மிகுந்த ஆட்டமாதலால் அமெரிக்காவில் இது 17 வயது நிரம்பியோருக்கே உரியதென்று வகைப்படுத்தப்பட்டது என்பதையும் இங்கேயே சொல்லி வைப்பது நம் கடமை.

இவ்வாட்டத்தின் பெருமை அதன் காட்சிகளில் இல்லை. அன்றைய அளவுகோலிலேயே அதன் உருவங்கள் கரடுமுரடானவை. ஆடுபவரைப் பொறுப்புள்ள மனிதராக மதித்ததே அதன் பெருமை. நியூயார்க்கின் சுதந்திரச் சிலை நிற்கும் தீவில் முதல் அத்தியாயம் தொடங்குகிறது. பகைவர் கைப்பற்றியிருக்கும் சிலைக்குள் நுழைய வேண்டும். முன்வாயிலில் மோதலாம், பின்புறம் அடுக்கியிருக்கும் பெட்டிகளின்மீது ஏறிச் செல்லலாம், தகவல் தருபவர் ஒருவரைத் தேடிக் கண்டு பேசிச் சாவியைப் பெறலாம். எவ்வழி சிறந்தது என்று யாரும் கட்டளையிடுவதில்லை. ஆனால், சென்ற வழியை அவ்வுலகம் நினைவில் வைத்துக்கொள்கிறது. கண்டவரையெல்லாம் கொன்று திரும்பினால் ஆயுதக் கிடங்கின் பொறுப்பாளர் முகங்கொடுத்துப் பேசமாட்டார். உயிர்களை விட்டுவைத்துத் திரும்பினால் பாராட்டுவார். தலைமையகத்தில் பெண்களின் கழிப்பறைக்குள் நுழைந்து பார்த்தால், பிறகு மேலதிகாரி அழைத்துக் கண்டிப்பார். அதபு தவறியதற்கு ஓர் இயந்திரம் கண்டிப்பதை நாம் அங்கேதான் முதன்முதலாகக் கண்டோம்.

ஆற்றல்களைப் பெறுவதிலும் இதே கண்டிப்பு இருந்தது. நீச்சல், மருத்துவம், பூட்டுத் திறத்தல், கணினி என்று 11 திறமைகள். ஒவ்வொன்றுக்கும் 4 படிகள். எல்லாவற்றையும் ஒருவர் அடைய முடியாது. உடலில் பொருத்திய ஆற்றலைப் பிறகு கழற்றி எறியவும் முடியாது. ஒன்றைப் பெற்றால் மற்றொன்றை இழக்க வேண்டும். வாழ்க்கையின் கணக்கும் அதுதானே!

இந்த மூத்த படைப்புக்குப் பின்னர், ஹார்வி ஸ்மித்தின் இயக்கத்தில், 2003ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது ‘டேயஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார்’. ‘கண்ணுக்குப் புலப்படாத போர்’ என்பது அதன் பொருள். இருபது ஆண்டுகள் கடந்து கதை தொடர்கிறது. சிகாகோ நகரம் ஒரு நொடியில் அழிவதிலிருந்து தொடங்கி, சியாட்டில், கெய்ரோ, ஜெர்மனியின் டிரியர், தென்துருவப் பனிவெளி என்று அது விரிந்து செல்கிறது.

இதற்குக் கிடைத்த வரவேற்பே நம் விசாரணைக்குரிய பொருள். பத்திரிகை விமர்சகர்கள் இதனை இகழவில்லை. பல விமர்சனங்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காணும் ‘மெட்டாகிரிட்டிக்’ கணக்கில், கணினிக்கான பதிப்பு நூற்றுக்கு 80ம், ‘எக்ஸ்பாக்ஸ்’ என்ற விளையாட்டுப் பெட்டிக்கான பதிப்பு 84ம் பெற்றன. பள்ளிக்கூடத்தில் 80 மதிப்பெண் வாங்கி வரும் பிள்ளையை நாம் உச்சிமுகந்து வரவேற்போம். ஆனால், மூத்த படைப்பு அதே கணக்கில் 90 பெற்றிருந்தது. முதல் ஆட்டத்தை நேசித்தவர்களிடமிருந்து எழுந்ததோ வாழ்த்தொலி அன்று, புலம்பல். விற்பனைக்கு முன்னோட்டமாக ஒரு சிறு மாதிரிப் பகுதியை வெளியிட்டபோதே முறைப்பாடு தொடங்கிவிட்டது. விமர்சகர் நல்ல ஆட்டம் என்றார். ரசிகர் துரோகம் என்றார். ஒரே பொருளின்மீது இத்துணை வேறுபட்ட இரு தீர்ப்புகள் எவ்வாறு எழுந்தன?

நாம் முதலாவது ஆட்டத்தை ஆடிப் பல ஆண்டுகள் கழித்தே இரண்டாவதை எடுத்தோம். அதற்குள் அதன்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் யாவும் நம் செவிக்கு எட்டியிருந்தன. ஆகவே, குற்றச்சாட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சாட்சியை விசாரிப்பவரைப்போல ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே ஆடினோம்.

முதற்குற்றம், இடங்களின் சிறுமை. எக்ஸ்பாக்ஸ் பெட்டியின் நினைவகம் 64 மெகாபைட் மட்டுமே. அதற்குள் அடங்க வேண்டியிருந்ததால் நகரங்கள் சிறுசிறு அறைகளாக நறுக்கப்பட்டன. நாலடி நடந்தால் ஒரு கதவு. கதவைத் திறந்தால் காத்திருப்பு. இக்குற்றச்சாட்டு உண்மை. கெய்ரோவை எடுத்துக்கொள்வோம். 969ஆம் ஆண்டில் பாத்திமியர் அடித்தளமிட்ட நகர் அது. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த அல்அஸ்ஹரின் இருப்பிடம். இவ்வாட்டத்தில் அது இரண்டு துண்டுகளாகக் காட்சியளிக்கிறது. செல்வர் வாழும் வானளாவிய மூடிய மாளிகை ஒன்று. அதன் காலடியில் ஏழைகள் வாழும் ‘மதீனா’ ஒன்று. பழைய நகர்ப்பகுதியை மதீனா என்று அழைப்பது மொராக்கோ, துனீசியா பக்கத்து வழக்கமேயன்றி, கெய்ரோவாசிகளின் வழக்கமன்று. செல்வமும் வறுமையும் அடுக்குமாடியின் மேலும் கீழுமாகப் பிரிந்து நிற்கும் கற்பனை கூர்மையானதே. ஆனால், அந்த மதீனாவில் சில சுவர்களையும் சில மனிதர்களையும் தவிர ஒரு நகரத்தின் மூச்சு நமக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது குற்றம், எளிமையாக்கல். 11 திறமைகளும் நீக்கப்பட்டன. துப்பாக்கிகள் அனைத்துக்கும் ஒரே வகைத் தோட்டா என்றாக்கினார்கள். உடலில் பொருத்திய ஆற்றலை வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் விதி தளர்ந்தது. புதியவர்கள் குழம்பிவிடக்கூடாது என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆயினும், விளைவு என்ன? ஒரு துப்பாக்கியில் கைமீறிச் செலவழித்தால் எல்லாத் துப்பாக்கிகளும் ஒருசேர வெறுமையாகின்றன. தேர்வு செய்வதன் சுமையைக் குறைக்கப் போய், தேர்வின் பொருளையே குறைத்துவிட்டார்கள். ரசிகர்களின் கோபத்தின் வேர் இங்கே இருக்கிறது. ஆட்டம் எளிதாகிவிட்டது என்பதற்காக மட்டும் அவர்கள் அழவில்லை. முன்பு தங்களை நம்பியவர்கள் இப்போது நம்பவில்லையே என்றுதான் அழுதார்கள்.

மூன்றாவது குற்றம், விளைவின்மை. உலகை ஆளப் போட்டியிடும் இரு தரப்பும் ஆடுபவருக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு தரப்புக்கு எதிராக நடந்தாலும் அடுத்த நாழிகையில் அத்தரப்பே மீண்டும் அழைத்து வேறொரு பணியைத் தருகிறது. முதல் ஆட்டத்தில் கழிப்பறை வாசலில் நின்றுகூடக் கணக்குக் கேட்ட உலகம், இங்கே காட்டிக்கொடுத்தவனையும் கணக்குக் கேளாமல் விடுகிறது.

இம்மூன்றும் மெய்யென்று கண்ட நாம், விமர்சகர்களின் பாராட்டு பொய்யென்று தீர்ப்பளிக்கவில்லை. அவர்கள் பாராட்டியவையும் இவ்வாட்டத்தில் இருக்கவே செய்கின்றன. பகையாகக் காட்சியளிக்கும் அந்த இரு தரப்புகள் எவை? ஒன்று, வாணிபத்தை மையமாகக் கொண்ட உலக வர்த்தக அமைப்பு. மற்றொன்று, ஆன்மிகத்தின் பெயரால் மக்களைத் திரட்டும் ‘ஆர்டர்’ என்ற சபை. கதை வளர வளர, இரண்டின் தலைமையும் ஒரே மறைவுக் கூட்டத்தின் கைகள் என்று தெரியவருகிறது. இப்பாடத்தை விளக்க ஓர் அழகிய கிளைக்கதையும் இருக்கிறது. ஊருக்கு ஊர் போட்டியிடும் இரண்டு காபிக்கடைகள். ஒன்றைக் கவிழ்க்க மற்றொன்று ஆடுபவரை ஏவுகிறது. ஓடியாடி உழைத்த பின்னர், இரண்டு கடைகளுக்கும் முதலாளி ஒரே நிறுவனம்தான் என்பது வெளிப்படுகிறது! தேர்தல் மேடைகளையும் விளம்பரப் பலகைகளையும் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மூத்த படைப்பிலும் காணக்கிடைக்காத நகைச்சுவையும் துணிவும் இதில் உண்டு.

அவ்வாறாயின், ஏன் இத்துணை வேறுபாடு? இரு தரப்பாரும் இரு வேறு தராசுகளில் நிறுத்தார்கள் என்பதே நம் முடிவு. விமர்சகர் அவ்வாண்டின் சந்தையில் கிடைத்த பிற சரக்குகளை எதிர்த்தட்டில் வைத்தார். அச்சந்தையில் இது நல்ல சரக்கே. சில நாள்களுக்குள் ஆடி முடித்து எழுத வேண்டிய அவசரமும் அவர்களுக்கு உண்டு. ரசிகரோ எதிர்த்தட்டில் தம் நினைவை வைத்தார். நினைவின் எடைக்கு நிகரான எடைக்கல் எங்கே கிடைக்கும்?

படைப்பாளிகளே அந்நினைவை அழைத்து வந்து நிறுத்தினார்கள் என்பதையும் மறைக்கலாகாது. இரண்டாம் ஆட்டத்தின் இறுதி அத்தியாயம் மீண்டும் அதே சுதந்திரச் சிலைத் தீவில் நிகழ்கிறது. பனி உறைந்து, பாழடைந்து, சுருங்கிக் கிடக்கிறது அத்தீவு. முதல் ஆட்டத்தில் பரந்து கிடந்த திடலில் எத்தனையோ வழிகளைத் தேடி அலைந்தவர்களை, அதே மண்ணின் குறுகிய துண்டொன்றில் கொண்டுவந்து நிறுத்தினால் அவர்கள் அளந்து பார்க்காமல் என்ன செய்வார்கள்? முன்னவரின் பெயரைச் சூடிக்கொண்டு, அப்பெயரால் வாசலுக்கு ஆள் சேர்த்துவிட்டு, “என்னை முன்னவரோடு ஒப்பிடாதீர்கள்” என்று கேட்பதற்கு உரிமையில்லை. பெயர் ஓர் அமானத். அதை வாங்கியவர் கணக்குச் சொல்லியே தீரவேண்டும். ஆகவே, ரசிகரின் தராசு கடுமையானதாயினும் அநீதியானதன்று.

காலமும் பெரும்பாலும் அத்தராசின் பக்கமே சாய்ந்தது. அயன் ஸ்டார்மின் ஆஸ்டின் கிளை 2005ஆம் ஆண்டில் மூடப்பட்டது. வேறொரு குழுவினர் கனடாவின் மாண்ட்ரியல் நகரிலிருந்து 2011ஆம் ஆண்டில் மூன்றாவது ஆட்டமான ‘ஹியூமன் ரெவல்யூஷன்’ என்பதை வெளியிட்டபோது, இரண்டாவதன் காலத்தைத் தொடராமல், முதலாவதற்கும் முந்திய 2027ஆம் ஆண்டுக்குக் கதையைக் கொண்டுபோனார்கள். துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா என்ற பழைய முறையும் திரும்பி வந்தது. ஹார்வி ஸ்மித்தும் பிற்காலத்தில் இரண்டாம் ஆட்டத்தின் குறைகளைப் பலர் முன்னிலையில் மனந்திறந்து பேசினார். அவர் பங்கேற்று உருவாக்கி 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டிஸ்ஆனர்ட்’ என்ற ஆட்டத்தில், கொலை மிகுந்தால் நகரமே இருண்டு போகிறது. விளைவைக் கணக்கில் எழுதும் பழைய கண்டிப்பு அதில் மீண்டும் உயிர்பெற்றது. ரசிகரின் புலம்பல் வீணாகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இவ்வழக்கிலிருந்து நம் இல்லங்களுக்குக் கிடைக்கும் பயன் ஒன்றுண்டு. அடுத்த தலைமுறைக்கு எதையேனும் கையளிக்கும்போது, நாமும் சுருக்கியும் மென்றும் ஊட்டவே விரும்புகிறோம். கடினமான சொல்லை நீக்குகிறோம்; நீண்ட நூலைக் குறுக்குகிறோம்; தவறாகத் தேர்ந்துவிடுவார்களோ என்று அஞ்சித் தேர்வையே பறித்துக்கொள்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால், பெற்றுக்கொள்ளும் பிள்ளை அந்த அன்புக்குள் ஒளிந்திருக்கும் அவநம்பிக்கையை எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறது. கடினமானதைக் கொடுத்துவிட்டு அருகே அமர்ந்திருப்பது, எளிதானதைக் கொடுத்துவிட்டு எழுந்து போவதினும் மேலானது. நூற்றுக்கு 80 மதிப்பெண் பெற்ற ஓர் ஆட்டத்தை நேசித்தவர்களே ஏன் புறக்கணித்தார்கள் என்று கேட்போருக்கு நாம் சொல்லும் விடை இதுவே: அவர்கள் தங்களுக்கு உரிய சுமையைத் திருப்பிக் கேட்டார்கள்.