சதவீதம் எதுக்கு சார்?

கார் விபத்து பற்றிப் பலர் போனில் விசாரித்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. பொன்னேரி சாலையில் மாடு குறுக்கே வர, ஒதுங்கப்போய்ப் பனைமரத்தில் மோதிவிட்டேன்.

வண்டி சரியாகிவிட்டது. ஆனால் விற்கப் போனால், "அடிபட்ட வண்டி சார்" என்று 40,000 ரூபாய் குறைத்துக் கேட்கிறார்கள். அந்த நஷ்டத்தை இன்சூரன்ஸில் கேட்டேன். ரிப்பேர் செலவு உண்டு, மதிப்புக் குறைவுக்குக் கிடையாது என்றார்கள். பாலிசியைப் படித்தேன். அது சரிதான்.

படித்ததில் இன்னொன்று தெரிந்தது. பெயிண்ட் பில் 16,000. தேய்மானம் என்று அதில் பாதியை, 8,000 ரூபாயைக் கழித்திருந்தார்கள். விதிப்படி 50 சதவீதத் தேய்மானம் பெயிண்ட் பொருளுக்கு மட்டும்தான், கூலிக்கு இல்லை. பில்லில் பிரித்துக் காட்டவில்லை என்றால், மொத்தத்தில் 25 சதவீதத்தைப் பொருளாக எடுக்க வேண்டும். அது 4,000. அதில் பாதி 2,000.

நேரில் சொன்னேன், தலையாட்டி அனுப்பினார்கள். கணக்கை எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். மூன்றாவது வாரம் 6,000 ரூபாய் வந்தது.

ஏரிக்கரையில் இறாலுக்கு அத்தனை பேரம் பேசும் நாம், அச்சடித்த தாளைக் கண்டால் வாயடைத்துப் போகிறோம். நானும் கையெழுத்துப் போட இருந்தவன்தான். எழுதிக் கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் இருக்கிறார், கட்டணம் கிடையாது.

ஏழாம் வகுப்பில் "சதவீதம் எதுக்கு சார்?" என்று கேட்டவன் இதைப் படிப்பான். இதுக்குத்தான்டா.