கோடியக்கரையும் என் கேமராவும்

பறவையைப் பார்ப்பதற்கு இறைவன் தந்த இரு கண்கள் போதும். அதனைப் படம் பிடிக்க ஆசைப்பட்டால்தான் பணம் வேண்டியிருக்கிறது. இந்த உண்மையை எனக்கு உணர்த்திய இடம் நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள கோடியக்கரை.

வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை அது. வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழமண்டலக் கடற்கரை இங்கேதான் சட்டென்று மேற்கு நோக்கித் திரும்புகிறது. 1967-ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 2002-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் முதன்முதலாக இடம் பெற்ற நிலம் இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே நான் முதன்முறை சென்றபோது என்னிடம் இருந்தது செல்பேசி மட்டுமே. சதுப்பு நிலத்தின் நடுவே, வெகு தொலைவில், பூநாரைகள் வரிசையாக நின்று மேய்ந்து கொண்டிருந்தன. படம் எடுத்தேன், சாம்பல் நிறத் தண்ணீரில் சில வெண்புள்ளிகள் தெரிந்தன. மனம் கேட்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன். ஐம்பது அடி நடந்திருப்பேன். முன்வரிசையில் நின்ற பறவைகள் கழுத்தை நிமிர்த்தின. அடுத்த கணம் கூட்டம் முழுவதும் தண்ணீரின் மேல் ஓடி, எழுந்து, கண்காணாத திசையில் பறந்து போயிற்று.

கரையில் வலையுடன் நின்றிருந்த முதியவர் ஒருவர் கோபமில்லாமல் சொன்னார்: “எங்கேருந்தோ வந்து வயித்துக்கு மேயுதுங்க. சாப்பிட வுடாம ஓட்டிட்டியே தம்பி.”

அச்சொல் என்னோடு வீடுவரை வந்தது.

எட்டும் விலையில் ஒரு கண்

பறவைப் படக்கலைஞர்கள் பயன்படுத்தும் 600 மில்லிமீட்டர் பெரிய லென்ஸ் ஒன்றின் விலை பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். மதரஸா ஆசிரியர் ஒருவரின் வருமானத்திற்கு அது கனவிலும் அடங்காத தொகை. லென்ஸைக் கழற்ற இயலாத, உடலோடு ஒன்றிய நீண்ட ஜூம் கேமராக்கள் உண்டு என்று நண்பர் ஒருவர் கூறினார். அவற்றுள் ஒன்று 2012-இல் வெளிவந்த கேனான் பவர்ஷாட் எஸ்.எக்ஸ். 50 எச்.எஸ். ஐம்பது மடங்கு ஜூம். எடை ஏறத்தாழ 600 கிராம். இன்று இது பழைய பொருளாக மட்டுமே கிடைக்கிறது. எனக்குக் கிடைத்த கேமரா, என் ஒரு மாதச் சம்பளத்திற்குச் சற்றுக் குறைவான விலைக்கு வந்தது.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மாற்ற வேண்டிய நேரம் அது. தயங்கித் தயங்கித்தான் துணைவியாரிடம் பேச்சை எடுத்தேன். சற்று யோசித்துவிட்டு, “சீட்டுப் பணத்துல எடுத்துக்குங்க. ஆனா ரெண்டு மாசத்துல அலமாரிக்குள்ள போய்த் தூங்கக் கூடாது” என்றார். அந்த நிபந்தனையை இன்றுவரை மீறவில்லை.

இத்தனை பெரிய ஜூம் இத்தனை சிறிய உடலில் அடங்குவது எப்படி என்று மாணவர்கள் கேட்பதுண்டு. காரணம் எளியது. ஒளியைப் பதிவு செய்யும் உணரி மிகச் சிறியது. பழைய ஃபிலிம் சுருளில் ஒரு படத்தின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். இக்கேமராவின் உணரியோ ஏறத்தாழ 6-க்கு 4½ மில்லிமீட்டர்; பரப்பளவில் முப்பதில் ஒரு பங்கு. உணரி சிறுத்ததால் லென்ஸும் சிறுத்தது. உண்மையில் 215 மில்லிமீட்டர் குவியத் தூரமே உடைய லென்ஸ், ஃபிலிம் கேமராவில் 1200 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் காட்சியைத் தருகிறது. 300 மீட்டருக்கு அப்பால் உள்ள 9 மீட்டர் அகலக் காட்சி, படச் சட்டம் முழுவதையும் நிறைத்துவிடும்.

கொடுத்த இடத்திலேயே குறையும் இருக்கிறது. சிறிய உணரி வெளிச்சத்திற்கு ஏங்கும். முழு ஜூமில் லென்ஸின் வாயும் குறுகிவிடும். அந்தி மங்கலில் உணர்திறனைக் கூட்டினால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் படரும். பறக்கும் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது சட்டத்தைவிட்டுப் போய்விடும். கை சிறிது நடுங்கினாலும் காட்சி ஊசலாடும். அதற்கு நான் கண்ட மருந்து, துணைவியார் தைத்துக் கொடுத்த சிறு துணிப்பை. அதில் பச்சைப்பயறு நிரப்பி, சுவரின் மீதோ வண்டியின் இருக்கை மீதோ வைத்து, கேமராவை அதன்மேல் அமர்த்திவிட்டால் போதும். முக்காலி தேவைப்படுவதில்லை.

தோப்புத்துறையில் ஓரிரவு

சென்ற பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, பாடங்கள் முடிந்ததும் புறப்பட்டேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதை, அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அந்த ரயிலில் ஏறித் தோப்புத்துறையில் இறங்கினேன். அங்கே என் தாய்மாமா வீடு இருக்கிறது.

இரவு உணவின்போது மாமா கஜா புயலைப் பற்றிப் பேசினார். 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கரையைக் கடந்த அப்புயலில் தோப்புத்துறை, வேதாரண்யம் பகுதிகளில் விழுந்த தென்னைகளை எண்ணி முடியாது. கோடியக்கரைக் காட்டிலும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. “வூட்டுக் கூரை போனதவிட, நாம்ப வச்ச மரம் போனதுதான் தாங்கல” என்றார் மாமா.

சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் மாமாவின் மகன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். அகஸ்தியம்பள்ளியைக் கடந்தோம். 1930-இல் ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்து உப்புச் சட்டத்தை மீறியது இங்கேதான். சாலையின் ஓரமாக உப்பளப் பாத்திகள் இருளுக்குள் கண்ணாடித் துண்டுகள்போல் மின்னின. வனத்துறைச் சாவடியில் உரிய கட்டணம் செலுத்தி உள்ளே சென்றோம். புல்வெளியில் வெளிமான்கள் நின்றிருந்தன. கரிய முதுகும் முறுக்கிய கொம்பும் கொண்ட ஆண்மான் ஒன்று எங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கிற்று.

தூரத்தில் நின்று பார்த்தல்

சதுப்பு நிலத்தின் கரையை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. பூநாரைகள் அதே தொலைவில் நின்றன. இம்முறை நான் சேற்றில் இறங்கவில்லை. பயற்றுப் பையை வண்டியின் இருக்கையில் வைத்து ஜூமை நீட்டினேன்.

அப்போதுதான் அப்பறவையை உண்மையாகப் பார்த்தேன். தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, அலகின் மேற்பாகம் கீழாக அமையும்படி வைத்து, தண்ணீரையும் சேற்றையும் வடிகட்டி உண்கிறது. அது உண்ணும் நுண்ணுயிர்களில் உள்ள நிறமிதான் இறகுக்குச் செந்நிறம் தருகிறது. ஆகவே பிறந்த குஞ்சுக்கு அந்த நிறம் கிடையாது. கூட்டத்தின் ஓரத்தில் சாம்பல் நிற இளம் பறவைகள் சில நின்றன. முதிர்ந்த பறவையின் கண் வெளிர் மஞ்சள். இவற்றுள் எதையும் வெறுங்கண்ணால் நான் கண்டிருக்க முடியாது. கிட்டே போயிருந்தாலும் கண்டிருக்க முடியாது, அவை பறந்திருக்கும்.

எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் அப்பறவை, தான் உண்டு சேர்த்த வலிமையைச் செலவிடுகிறது. நெடுந்தூரம் வலசை வரும் உள்ளான்களுக்கு அந்தச் செலவு இன்னும் பெரிது. கோடியக்கரையில் பல்லாண்டுகளாகப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் இட்டு விடுவித்து ஆய்வு செய்திருக்கின்றனர். தொலைவிலிருந்து எடுத்த தெளிவான ஒரு படத்தில் அத்தகைய வளையத்தின் எழுத்து தெரிந்தால், பறவையை மறுபடி பிடிக்காமலேயே அது எங்கிருந்து வந்தது என்று அறிய முடியும். என்னைப் போன்ற பொழுதுபோக்குப் படக்காரனாலும் ஆகக்கூடிய பணி அது.

எட்டரை மணிக்கு மேல் வெயில் ஏறிற்று. சூடான காற்று நெளியத் தொடங்கியதும் பறவைகளின் உருவம் தண்ணீரில் கரைவது போல் குழைந்தது. எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் கானலை வெல்ல முடியாது. பையைக் கட்டிக்கொண்டு திரும்பினோம்.

கேளாமல் எடுத்த படம்

அகஸ்தியம்பள்ளி அருகே, ஏறத்தாழ நூறு மீட்டருக்கு அப்பால், ஒரு பெண்மணி பாத்தியில் நின்று உப்பு வாரிக் கொண்டிருந்தார். வயது அறுபது இருக்கலாம். வெண்மையான குவியலின் அருகே அந்தக் கருத்த உருவம் கண்ணைக் கவர்ந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, ஜூமை நீட்டி, நான்கைந்து படங்கள் எடுத்தேன். அவருக்குத் தெரியாது.

நிழலில் நின்று திரையில் பார்த்தேன். வியர்வையைத் துடைப்பதற்காக அவர் முந்தானையை எடுத்திருந்த கணம் பதிவாகியிருந்தது. உப்பு அரித்த பாதங்களின் வெடிப்புகூடத் தெரிந்தது. படம் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் எனக்குக் கூச்சமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நம்பி ஒரு பெண் தன் முகத்தைத் துடைக்கிறார். சாலையில் நிற்கும் அந்நியன் அந்த நம்பிக்கையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். என் தாயோ தமக்கையோ அங்கே நின்றிருந்தால் நான் பொறுப்பேனா?

“என்ன மச்சான், நல்லாத்தானே வந்திருக்கு?” என்றார் உடன் வந்தவர்.

பதில் சொல்லாமல் வரப்பில் இறங்கி நடந்தேன். அருகே சென்று, “அம்மா, உங்களக் கேக்காம அங்கேருந்து படம் எடுத்துட்டேன். வேணாம்னா அழிச்சிடுறேன்” என்று திரையைக் காட்டினேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார். “அழிச்சிருங்க பாய். கேட்டிருந்தா மூஞ்சியத் தொடச்சிட்டு நல்லா நின்னிருப்பேன்ல?”

அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். தண்ணீர் ஊற்றி முகம் கழுவி, முந்தானையைச் சரி செய்துகொண்டு, நீண்ட கழி பொருத்திய பலகையைக் கையில் பிடித்தபடி அவர் நிமிர்ந்து நின்றார். ஜூமை முழுவதும் உள்ளே இழுத்து, நான்கு அடி தள்ளி நின்று எடுத்தேன். ஐம்பது மடங்கு ஜூம் உள்ள கேமராவில், ஜூமே இல்லாமல் நான் எடுத்த படம் அது.

புறப்படும்போது பூநாரைப் படத்தை அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “முப்பது வருசமா அளத்துல நின்னு இதப் பாக்குறேன். இதுக்குக் கண்ணு மஞ்சளா? இன்னிக்குத்தான் தெரியுது” என்றார்.

ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்வதற்குள் தோப்புத்துறைக்குத் திரும்பிவிட்டோம். வழியெல்லாம் இதையே எண்ணிக்கொண்டு வந்தேன். பறவையிடம் நாம் காட்ட வேண்டிய மரியாதை தள்ளி நிற்பது. மனிதரிடம் காட்ட வேண்டிய மரியாதை அருகே சென்று கேட்பது. கையில் இருப்பது ஒரே கேமரா. எதிரில் நிற்பது யார் என்பதைப் பொறுத்து நம் கால்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இன்று செல்பேசியிலும் ஜூம் வந்துவிட்ட நிலையில், நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.

அடுத்த மாதம் இரு படங்களை அச்சிட்டு எடுத்துச் சென்றேன். அவர் அதே பாத்தியில்தான் இருந்தார். தம் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “பேரப்புள்ளைக்குக் காட்டணும்” என்று தூக்குவாளி மூடியின் மேல் வைத்தார். பூநாரைப் படத்தை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு, சதுப்பு நிலம் இருக்கும் திசையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருந்தார்.