அப்பாவின் திதி

அப்பா போனது ஒரு தேய்பிறை விடியற்காலை. சித்தப்பா பாம்புப் பஞ்சாங்கத்தைப் புரட்டி சப்தமி என்றார். என் போனில் இருந்த திருக்கணிதம் அஷ்டமி பிறந்து நாலு மணி நேரமாச்சு என்றது. "வருஷா வருஷம் எந்தத் திதியில குடுக்கிறது, நீயே சொல்லுப்பா" என்றார். ரெண்டு பேரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா எதுவும் சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபிறகு இந்த நாலு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

வந்தது சூரியனிடமிருந்து. பூமியும் நிலாவும் மட்டும் இருந்தால் கணக்கு சுலபம். சூரியன் குறுக்கே இழுக்கிறது. நிலா தன் சராசரி இடத்தைவிட்டு முன்பின் நகர்வது அமாவாசை, பௌர்ணமியில் அதிகபட்சம் 5 பாகைதான். அஷ்டமி வாக்கில் ஏழரையைத் தாண்டும். வாக்கியப் பஞ்சாங்கத்தில் எல்லா நாளுக்கும் அந்த 5 பாகைதான். கிரகணத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு என்பது என் எண்ணம். கிரகணம் அமாவாசை, பௌர்ணமியில்தானே வரும்? அதனால் அஷ்டமிப் பக்கம் திதி ஐந்து மணி நேரம் வரைகூட விலகலாம்.

அந்தக் கணக்கைக் குறைவாக நினைக்க முடியவில்லை. வரருசியின் பெயரில் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள், 248 நாளுக்கு ஒன்றாக, மனப்பாடம். 1825இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து, நினைவிலிருந்தே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் எழுதிவைத்திருக்கிறார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலாரின் ஊர்க்காரனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா?

ஐரோப்பாவிலும் நிலா படுத்தியெடுத்தது. நிலாப்பாதையின் நீள அச்சு திரும்பும் வேகம் கணக்கில் பாதிதான் வருகிறது என்று 1747இல் க்ளேரோ, நியூட்டனின் விதியையே திருத்தணும் என்று அறிவித்தார். 1749இல் பின்வாங்கினார். சின்னது என்று தான் ஒதுக்கிய உறுப்புகளைச் சேர்த்துத் திரும்பப் போட்டதும் மீதிப் பாதி வந்துவிட்டது. பெர்டர்பேஷன் தியரி செய்வது இதைத்தான்: முதலில் சுலபமான விடை, அதன்மேல் திருத்தம், திருத்தத்தின்மேல் இன்னொரு திருத்தம்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிதான்டா. ஆனா அவரு உங்க தாத்தாவுக்குப் பாம்புப் பஞ்சாங்கம் பார்த்துதானே குடுத்தாரு?"

சப்தமியில்தான் கொடுக்கிறோம். அன்று நடுராத்திரிக்கு மேல் மாடிக்குப் போய்ப் பார்ப்பேன். ஏரிப் பக்கம் நிலா பாதியாக எழுந்து வரும்.