875 அடியில் நின்ற முள்



கண்காட்சிக்கு இரண்டு நாள். பிளைட்கியர் விமானம் மேலே ஏறுகிறது. எங்கள் மாணவர்கள் செய்த உயரமானியின் முள் மட்டும் 875 அடியில் முட்டி நிற்கிறது. வயர் பூட்டிய பிள்ளையை ஏசினோம்.

பிழை எங்களுடையது. நாங்கள் வாங்கிக் கொடுத்த எக்ஸ்27 மோட்டார் 315 பாகைதான் திரும்பும். உயரமானியின் நீண்ட முள்ளோ 1000 அடிக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். அதை வேகமானிக்கு மாற்றிவிட்டு, தடையின்றிச் சுற்றும் வேறொரு ஸ்டெப்பர் மோட்டாரைப் பூட்டினோம். கரண்ட் போய் வந்தால் அதற்குத் தன் இடம் தெரியாது. பூச்சியத்தைக் காட்ட, பழைய பிரின்டரில் கழற்றிய ஒளி உணரியை வைத்தான் அதே பிள்ளை.

முள் ஆயிரத்தைத் தாண்டியது, அல்ஹம்துலில்லாஹ். எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

வீட்டில் பழுதான பிரின்டர் இருந்தால் வீசாதீர்கள், பாடசாலைக்குத் தாருங்கள்.