ஒயினும் ஒரு தூக்குவாளியும்

தலைப்பைப் பார்த்துட்டு 'ஆஹா, ஆளு மப்புல எழுதியிருக்கான் போல'ன்னு ஆசையா வந்த மக்கள் மன்னிக்கவும். இதை எழுதறப்ப கையில இருக்கிறது ஃபில்டர் காபி. சொல்ல வந்தது ஒயின் கதைதான், ஆனா கொஞ்சம் அம்மா கதையும்கூட.

முதல்ல எங்க கூட்டத்தைப் பத்தி. கலிஃபோர்னியாவுல ஃப்ரீமான்ட் பக்கம் ஆறு பேர் இருக்கோம். ஒரு திருச்சிக்காரர், ஒரு நெல்லைக்காரர், அவரோட தங்கமணி, ஒரு யாழ்ப்பாணத்து நண்பர், நான், என்னோட தங்கமணி. மாசத்துல ஒரு சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருத்தர் வீட்டுல கூடுவோம். சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பு. ஆளுக்கு ஒரு பாட்டில், விலை இருபது டாலரைத் தாண்டக்கூடாது. எல்லா பாட்டிலையும் பழுப்புக் காகிதப் பையில சுத்தி, நம்பர் போட்டு வச்சிடுவோம். எதுல என்ன இருக்குன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது.

இந்தப் பை விஷயம் திருச்சிக்காரர் புண்ணியம். ஒரு தடவை அவர் விதியை மீறி அறுபது டாலர் பாட்டில் ஒண்ணைக் கொண்டுவந்து, லேபிளைக் காட்டிக் காட்டி ஊத்தினார். எல்லாரும் கண்ணை மூடி "ஆகா"ன்னோம். அடுத்த மாசம் அதே ஒயினைப் பைக்குள்ள வச்சு, ஒன்பது டாலர் பாட்டிலோட நிறுத்தினார். ஆறுல அஞ்சு பேர் ஒன்பது டாலருக்குத்தான் ஓட்டு. மனுஷன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது.

நமக்கு மட்டும் நடக்கிற கூத்து இல்லை இது. 1976 மே 24ம் தேதி பாரிஸ்ல, ஸ்டீவன் ஸ்பரியர்ங்கிற ஆங்கிலேய ஒயின் வியாபாரி பிரெஞ்சு நிபுணர்களை உட்கார வச்சு, லேபிளை மறைச்சு பிரெஞ்சு ஒயினையும் கலிஃபோர்னியா ஒயினையும் குடுத்தார். வெள்ளையில முதல் இடம் ஷாட்டோ மோன்டலீனா, சிவப்புல ஸ்டாக்ஸ் லீப். ரெண்டுமே 1973ம் வருஷத்து ஒயின், ரெண்டுமே எங்க வீட்டுலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடக்கூடிய நாப்பாக்காரங்களோடது. பெரிய பெரிய நாக்கெல்லாம் ஏமாந்திருக்கு, நாம எம்மாத்திரம்!

அப்புறம் ஊத்துற அளவு. சமையல் அளவு ஸ்பூன்ல பெருசா இருக்குமே, அதுல மூணு. 45 மில்லி. ஆறு பாட்டிலுக்கும் சேர்த்து ஆளுக்கு 270 மில்லி, முழுசா ரெண்டு கிளாஸ்கூட வராது. வண்டி ஓட்டறவங்க அதையும் முழுங்காம துப்பிடணும்.

ஆரம்பத்துல புத்தகத்தைப் பார்த்து 'பிளாக் கரன்ட்', 'கூஸ்பெர்ரி'ன்னு உளறிட்டு இருந்தோம். அந்தப் பழத்தை எங்கள்ல ஒருத்தரும் சின்ன வயசுல தின்னதில்லை. ஒருநாள் நெல்லைக்காரரோட தங்கமணிதான் ஒரு கேபர்னேயை வாயில வச்சுட்டு, "அண்ணே, இது நாவப்பழம் தின்னா நாக்கு இழுக்குமே, அதுல்லா?"ன்னாங்க. அவ்ளோதான், வழி திறந்துடுச்சு. டானின் டானின்னு இங்க பக்கம் பக்கமா எழுதறாங்களே, அது நம்ம துவர்ப்பு. வாழைப்பூவுல, வாழைக்காய்ல, கொட்டைப்பாக்குல சின்ன வயசுலேர்ந்து பழகினது. அறுசுவையில அதுக்குத் தனி இடமே குடுத்து வச்சிருக்கிற ஆளுங்க நாம.

அதுக்கப்புறம் எல்லாமே தமிழ்லதான். பழசான ரீஸ்லிங் ஒண்ணை மோந்துட்டு யாழ்ப்பாணத்து நண்பர், "இது மண்ணெண்ணெய் மாதிரியெல்லோ மணக்குது" என்றார். சிரிச்சோம். தேடிப் பார்த்தா உண்மையிலேயே ரீஸ்லிங் பழசாகப் பழசாக அந்த வாசனை வருமாம். சிராவுல மிளகு வாசனை வருதுன்னா அது கற்பனை இல்லை, மிளகுல இருக்கிற அதே ரோட்டன்டோன்ங்கிற பொருள்தான் அதுலயும் இருக்கு. ஷார்டனேயில வெண்ணெய் வாசம் வர்றதும் அப்படித்தான். பச்சை ஆப்பிளோட சுள்ளுங்கிற புளிப்பை பாக்டீரியா பாலோட புளிப்பா மாத்துதாம், மோர் மாதிரி. அப்ப கூடவே உண்டாகிறதுதான் அந்த வெண்ணெய் வாசம்.

சாப்பாட்டுக்கும் ஒரு பாடம் கிடைச்சது. நெல்லைக்காரர் வீட்டு நாட்டுக்கோழி வறுவலோட பதினஞ்சு சதவீத ஜின்ஃபான்டெலைக் குடிச்சோம். எரியிற நெருப்புல எண்ணெயை ஊத்தின மாதிரி ஆச்சு. ஆல்கஹால் காரத்தை ஏத்தி விடும். பக்கத்துல இருந்த ஜெர்மன் ரீஸ்லிங், ஒன்பது சதவீதம், லேசான இனிப்பு, ஜில்லுன்னு. அதுதான் காப்பாத்துச்சு. நம்ம காரத்துக்கு சிவப்பு ஒயின் கெத்து காட்டாது மக்கா, அடி வாங்கிட்டு ஓடிடும்.

சரி, தூக்குவாளிக்கு வர்றேன்.

போன வருஷம் அம்மா ஆறு மாசம் வந்திருந்தாங்க. கம்பம் பக்கத்துல எங்க ஊர். திராட்சைப் பந்தல் பார்த்து வளர்ந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் தோட்டத்துல கூலிக்குக் குலை வெட்டினாங்க. அப்பாவோட கூலி வீட்டுக்கு வந்த நாளை விரல் விட்டு எண்ணிடலாம். 1990கள்ல எங்க ஊர் பிராந்திக்கடை வாசல்ல அவரை நான் நிறைய தடவை பார்த்திருக்கேன். நின்னுட்டே, மூஞ்சைச் சுளிச்சுட்டு ஒரே மடக்கு, அப்புறம் நாக்குல ஊறுகாய். ருசி தெரியக்கூடாதுன்னே குடிக்கிற குடி அது. மிச்சத்தை மாட்டுக்கொட்டகை வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வைப்பார். 2001ல கல்லீரல் கெட்டுப் போயிட்டார். 'நீ தொட மாட்டேல்ல?'ன்னு அன்னிக்கு அம்மா கேக்கலை. நானே "தொட மாட்டேம்மா"ன்னு சொன்னேன்.

அதனால அம்மா வர்றதுக்கு முந்தின நாள் வீட்டுல இருந்த எட்டு பாட்டிலையும் கராஜுல டூல் பாக்ஸ் பின்னாடி ஒளிச்சு வச்சேன். தங்கமணி பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. "வைக்கோல் இருந்தா இன்னும் வசதியா இருந்திருக்கும்ல?"ன்னு மட்டும் கேட்டாங்க. சுருக்குன்னு இருந்துச்சு.

அந்த மாசம் பார்த்து எங்க வீட்டு முறை. வேற யாராவது மாத்திக்குவாங்களான்னு கேட்டேன், எல்லாரும் ஊருக்குப் போறதும் விருந்தாளி வர்றதுமா இருந்தாங்க. "ஆபீஸ் ஆளுங்க சாப்பிட வர்றாங்கம்மா"ன்னு சொல்லிட்டேன். பாவம், அம்மா காலையிலேர்ந்து நின்னு அவங்க கையாலேயே மட்டன் சுக்கா செஞ்சாங்க. சாயங்காலம் மாடியில டிவி சீரியல் போட்டுக் குடுத்துட்டு, கீழ கதவைச் சாத்திட்டு ஆரம்பிச்சோம். துப்புறதுக்குப் பாத்திரம் தேடினப்ப கைக்கு அகப்பட்டது அம்மா ஊர்லேர்ந்து முறுக்கு வச்சுக் கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குவாளி. (ஆமா, திட்டுங்க.)

அஞ்சாவது பை முடிஞ்சு ஆறாவதை ஊத்தறப்ப கதவு திறந்துச்சு. "சோறு ஆறுதேப்பா..."ன்னுட்டே அம்மா வந்து நின்னாங்க.

நாப்பது வயசு ஆளுங்க ஆறு பேரும் பிட் அடிச்சு மாட்டின பசங்க மாதிரி முழிச்சோம். திருச்சிக்காரர் கிளாஸை முதுகுக்குப் பின்னாடி கொண்டுபோனார். சரியா அந்த நேரத்துல, வாயில வச்சிருந்ததை என்ன பண்றதுன்னு தெரியாம, யாழ்ப்பாணத்து நண்பர் தூக்குவாளியில துப்பினார்.

அம்மா தூக்குவாளியைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. "ஏன்டா, காசு குடுத்து வாங்கி, வாயில வச்சு, துப்புறீங்களா?"

"ருசி பாக்குறோம்மா. வண்டி ஓட்டணும்ல, அதான்..." எனக்கே என் குரல் கேக்கலை.

ஆறாவது கிளாஸ் மேசையில இருந்துச்சு. அது என்னன்னு அதுவரைக்கும் எங்களுக்குப் பிடிபடலை. 'லிச்சி', 'ரோஸ் மில்க்'னு ஆளுக்கொண்ணு சொல்லிட்டிருந்தோம். அம்மா அதை எடுத்தாங்க. குடிக்கலை. மூக்குக்குப் பக்கத்துல வச்சு ஒரு தடவை மோந்தாங்க.

"இது நம்ம பன்னீர் பழம்டா."

நெல்லைக்காரர் பையைக் கிழிச்சார். கலிஃபோர்னியாவுல மதேரா ஊர்ல குவாடிக்காரங்க செய்யற பிளாக் மஸ்கட். நான் போய்ப் பார்த்தேன். பிளாக் மஸ்கட்னா மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் ஹாம்பர்க்னா எங்க கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை. 2023ல புவிசார் குறியீடு வாங்கிச்சே, அதே பழம். நொதிக்கிறப்ப பாதியில சாராவி சேர்த்து நிறுத்திடறாங்க, அதனால இனிப்பும் பன்னீர் வாசமும் அப்படியே நிக்குது. அந்தப் பழத்துக்கு நடுவுலயே பொறந்து வளர்ந்த எனக்குத் தெரியலை. அதை ஆயுசு பூரா வெட்டிப் பெட்டி கட்டின அம்மாவுக்கு ஒரு மூச்சுல தெரிஞ்சுது.

கிளாஸைக் கீழ வச்சுட்டு அம்மா சொன்னாங்க: "உங்கப்பா ஒரு நாளாச்சும் மோந்து பாத்துட்டுக் குடிச்சிருந்தா..." முடிக்கலை. யாரும் பேசலை. அப்புறம் அவங்களே, "வாங்க, சுக்கா ஆறிப்போச்சுன்னா நல்லா இருக்காது"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க.

மறுநாள் காலையில காபி குடுத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "தெனமுமாடா?"

இல்லைன்னு சட்டுனு சொல்ல வாய் வந்துச்சு. ஆனா சொல்லலை. மாசத்துல ஒரு நாள்தான் கூடறோம். ஆனா மிச்ச பாட்டில்னு ஒண்ணு இருக்கே. திறந்தா மூணு நாள்ல கெட்டுடும், வீணாப் போகுதேன்னு திங்கக்கிழமை ஒரு கிளாஸ், செவ்வாய்க்கிழமை ஒண்ணு. நடந்திருக்கு. அப்ப மோந்தும் பார்க்கலை, பேர் சொல்லியும் பார்க்கலை. மடக்குதான். அதை அம்மாகிட்ட அப்படியே சொன்னேன். அவங்க அழலை, திட்டலை. "மறைக்காதே, அது போதும்"னாங்க. போதுமான்னு எனக்குத் தெரியலை. ஆனா அன்னிக்கே கராஜுலேர்ந்து எட்டு பாட்டிலையும் எடுத்து சமையலறை அலமாரியில, எல்லாருக்கும் தெரியற மாதிரி வச்சேன். எண்ணிக்கை அம்மாவுக்கும் தெரியும், தங்கமணிக்கும் தெரியும்.

கூட்டத்துலயும் இப்ப ரெண்டு மாத்தம். ஆறுக்குப் பதிலா நாலு பாட்டில், கிடைச்சா அரை பாட்டில். மிச்சத்தை நான் வீட்டுல வச்சுக்கிறதில்லை, மத்தவங்க கொண்டுபோயிடுவாங்க. (திறந்த பாட்டிலைக் கார்ல கொண்டுபோனா டிக்கியிலதான் வைக்கணும், இங்க சட்டம் அப்படி.) எங்க வீட்டு முறை வந்தா மிச்சம் தொட்டிக்குள்ள. ஊத்தறப்ப கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யுது. அந்த நடுக்கம்தான் நான் அப்பாவோட மகன்னு ஞாபகப்படுத்துது.

அம்மா ஊருக்குப் போயாச்சு. போன வாரம் போன்ல பக்கத்து வீட்டு அத்தைகிட்ட சொல்லிட்டிருந்தது எனக்கும் கேட்டுச்சு: "எம்மவன் ஊர்ல பணக்காரங்க எப்படித் தெரியுமா? காசு குடுத்து வாங்கி மோந்து பாத்துட்டுத் துப்பிடுவாங்க!"

தூக்குவாளியை மட்டும் திரும்பக் கொண்டுபோகலை. "நீயே வச்சுக்க"ன்னுட்டாங்க.

டிஸ்கி: எவ்வளவு கொஞ்சமா குடிச்சாலும் உடம்புக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில சொல்லியிருக்கு. குடிக்காதவங்க இதைப் படிச்சு ஆரம்பிக்க வேணாம். பன்னீர் திராட்சை கிடைக்கிற ஊர்ல இருக்கிறவங்க பழமாவே வாங்கித் தின்னுங்க. ஆனா மோந்து பார்த்துட்டுத் தின்னுங்க.