நாலாவது கியரில் மட்டும் நிசப்தம்!

வண்டிக்கு உடம்பு சரியில்லையென்றால் அது வாய்விட்டுச் சொல்லும். நாம்தான் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, "ஒண்ணுமில்லை, ரோடு சரியில்லை" என்போம்!

கள்ளிக்குப்பத்தில் என் மச்சினன் ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறான். தண்ணி கேன் சப்ளை. எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள். இருபது வருஷம் உழைத்துக் கொட்டிய ஜீவனைப் பேர் சொல்லிக் குறை கூறுவது பாவம். கொஞ்ச நாளாகவே ஒரு முனகல். போன மாதம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மூணாவது கியர் போடும்போதெல்லாம் 'கர்ர்ர்...' என்று தேங்காய் துருவுகிற சத்தம்.

"கியர் பாக்ஸ் காலி மாமா. புதுப்பேட்டைல பழைய பாக்ஸ் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். கழட்டி மாட்டிட வேண்டியதுதான்" என்றான்.

பணம்? அவன் மனைவியின் வளையல்கள் இரண்டும் அடகுக் கடைக்குப் புறப்படத் தயாராக இருந்தன. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. கைகளை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தது.

அம்பத்தூரில் 1964-ல் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து, தெருவுக்கு நாலு பேருக்காவது இரும்போடு பேசத் தெரியும். அப்படி ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு அப்புறம் புதுப்பேட்டை போகலாமே என்றேன்.

அந்த மனுஷர் ஸ்பானரையே தொடவில்லை. ஏறி மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் காலிக் கேன்களோடு.

"நியூட்ரல்ல வை தம்பி. கிளட்ச்சை மிதி... விடு."

விட்டால் முனகல்; மிதித்தால் அமைதி.

"மிதிக்கும்போது கத்தினா ரிலீஸ் பேரிங். இது விடும்போது கத்துது. வியாதி பாக்ஸுக்குள்ளதான். ஓட்டு."

செங்குன்றம் ரோட்டில் கிளம்பினோம். ஒன்று, இரண்டு, மூன்றிலும் முனகல். நாலாவதில் கப்சிப்! ஐந்தாவதில் மறுபடி முனகல்.

அவர் சொன்ன விளக்கத்தை ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். மற்ற கியர்களில் இன்ஜினின் ஃபைல் கீழே 'லே ஷாஃப்ட்' என்கிற செக்‌ஷனுக்கு இறங்கி, அங்கே கையெழுத்தாகி மேலே வரும். இந்த மாதிரி பாக்ஸில் நாலாவது மட்டும் டைரக்ட்; ஃபைல் நேராக மேனேஜர் மேஜைக்கு! கீழ் செக்‌ஷனுக்குச் சுமையில்லாதபோது முனகல் நிற்கிறது என்றால், வலி அந்த ஷாஃப்ட்டின் பேரிங்கில்.

"மூணாவதுக்கு ரெண்டு தடவை கிளட்ச் மிதி. நடுவுல நியூட்ரல். கீழ வர்றதா இருந்தா நடுவுல லேசா ஆக்ஸிலேட்டர் கொடு."

வெண்ணெய் மாதிரி விழுந்தது கியர்! 1928-ல் அமெரிக்காவில் கடிலாக் காரில் சிங்க்ரோமெஷ் வருவதற்கு முன்பு பெரும்பாலான டிரைவர்கள் கியர் மாற்ற இப்படித்தான் மிதித்தார்களாம். சுற்றும் வேகத்தைச் சமன் செய்கிற அந்த வேலையை இப்போது ஒரு பித்தளை வளையம் பார்க்கிறது. கால் உதவினால் சத்தம் போகிறது என்றால் வளையம் தேய்ந்துவிட்டது.

மறுநாள் பாக்ஸை இறக்கினார்கள். வடித்த ஆயிலில் தங்கப் பொடி தூவியதுபோல் மினுமினுப்பு. "பித்தளை ஸார். காந்தத்துல ஒட்டாது. இரும்புத் துண்டு ஒட்டியிருந்தாத்தான் பல்லு போச்சுன்னு பயப்படணும்."

பிரித்தால், அவர் சொன்னதேதான். ஒரு பேரிங் பொரிந்திருந்தது. ஒரு வளையம் தேய்ந்திருந்தது. கியர் பற்களெல்லாம் பத்திரம்!

"பழைய பாக்ஸ் மாட்டியிருந்தா?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாரு ஸார் பார்த்தாங்க? இறக்கி ஏத்துற கூலி ரெண்டுக்கும் ஒண்ணுதான். கேஸ் விரிசல் விட்டிருந்தா, நாலு கியர்ல பல்லு கொட்டியிருந்தா, நானே புதுப்பேட்டைக்கு அனுப்புவேன். அப்பவும் ஷாஃப்ட், ரேஷியோ எல்லாம் ஒத்துப் பார்த்துத்தான் எடுக்கணும்."

இரண்டு நாளும் மச்சினன் இரவல் மொபெட்டில் கேன் சுமந்தான். ஒரு வாடிக்கையும் கைவிட்டுப் போகவில்லை. பில் வந்தது. அவன் சட்டைப் பையிலேயே அடங்கிவிட்டது. அந்தப் பெண் அன்றைக்கு எனக்குக் காபி கொடுத்தபோது வளையல் சத்தத்தோடுதான் வந்தது. காபியில் சர்க்கரை வழக்கத்தைவிட ஒரு ஸ்பூன் கூட!

வண்டியைக் கொடுக்கும்போது மெக்கானிக் இரண்டு புத்திமதி சொன்னார். பின்பக்க ஹவுசிங்குக்கு ஊற்றுகிற ஆயிலை 'எல்லாம் ஆயில்தானே' என்று கியர் பாக்ஸில் ஊற்றக் கூடாது. அதிலிருக்கும் சில மருந்து பித்தளைக்கு ஆகாது. வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பதைத்தான் ஊற்ற வேண்டும். இரண்டாவது, ஓட்டும்போது கியர் ராடின் மேல் கையை ஊன்றி வைக்கக் கூடாது. அந்தக் கனம் உள்ளே ஃபோர்க்கை அழுத்தித் தேய்க்கும்.

மச்சினன் இரண்டையும் சிரத்தையாகக் கடைப்பிடிக்கிறான். கியர் ராடில் கையே வைப்பதில்லை.

சும்மா இருக்கிற அந்தக் கை இப்போது எந்நேரமும் ஹாரனில் இருக்கிறது. இதற்கு எந்த மெக்கானிக்கைப் பார்ப்பது?