`ஓடத் தெரிஞ்சவங்களை ஏன் எறியச் சொல்றீங்க?' - ஓர் அமெரிக்க காலேஜ் டீமும் என் நைட் ஷிப்ட்டும்

2023 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நைட் ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து போனை சார்ஜில் போடுகிறேன். நியூஜெர்சியில் இருக்கும் பெரியம்மா பையனிடமிருந்து வாட்ஸ்அப் மெசேஜ். `62 - 0'. அவ்வளவுதான். பக்கத்தில் ஓர் அழுகிற எமோஜி.

என்னவோ ஏதோ என்று போன் செய்தேன். ``நம்ம டீம் தோத்துடுச்சு பாப்பா'' என்றார். எந்த டீம் நம்ம டீம் என்று எனக்குப் புரியவில்லை. ``ஆர்மி'' என்றார்.

அண்ணன் சாஃப்ட்வேர் வேலைக்காக அமெரிக்கா போனவர். அவர் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது வெஸ்ட் பாயின்ட். அமெரிக்க ராணுவத்துக்கு அதிகாரிகளைத் தயார் செய்யும் கல்லூரி. அலுவலக நண்பர் ஒருவர் ஒருமுறை அங்கே மேட்ச் பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார். அன்றிலிருந்து நம்ம ஆள் ஆர்மி ஃபேன். இங்கே இருந்தவரைக்கும் கிரிக்கெட் ஸ்கோர்கூடக் கேட்காதவர்!

அன்று எல்.எஸ்.யூ என்கிற பெரிய பல்கலைக்கழகத்திடம் 62-0 என்று தோற்றிருந்தது ஆர்மி. எல்.எஸ்.யூ பலமான டீம். தோற்பதே அண்ணனுக்கு அதிர்ச்சி இல்லை. ``நம்ம ஆட்டத்தை ஆடி தோத்திருந்தா பரவாயில்ல பாப்பா. யாரோட ஆட்டத்தையோ ஆடித் தோத்துட்டாங்க'' என்றார்.

அந்த வரி எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆட்டம்.

தடுக்காமல் விடுகிற தந்திரம்

அமெரிக்கன் ஃபுட்பால் நாம் பார்க்கிற கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், தோளில் கவசம். ஒரு பக்கம் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள். இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. முன்னேற இரண்டே வழி. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம். அல்லது குவார்ட்டர்பேக் என்கிற ஆள் தூரத்தில் ஓடும் சக வீரருக்கு எறியலாம்.

இன்றைக்கு ஏறக்குறைய எல்லா டீமும் எறிதலும் ஓட்டமும் கலந்துதான் ஆடுகின்றன. டி.வி-யில் பார்க்க அழகாக இருப்பது எறிதல்தான். ஆர்மி பல வருடங்களாக ஓடியே ஆடியது. மொத்த மேட்சிலும் பந்தை எறிவதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவர்கள் ஆடியதன் பெயர் `டிரிப்பிள் ஆப்ஷன்'. குவார்ட்டர்பேக் கையில் பந்து வந்ததும் மூன்று வழிகள். நேராகப் பாயும் ஆளிடம் கொடுக்கலாம். தானே எடுத்துக்கொண்டு ஓடலாம். பக்கவாட்டில் ஓடிவரும் மூன்றாவது ஆளிடம் தட்டிவிடலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், எதிரணியின் ஓர் ஆளை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுவதுதான். அந்த ஆள் என்ன செய்கிறான் என்று குவார்ட்டர்பேக் பார்க்கிறான். உள்ளே பாய்ந்தால் பந்து வெளியே போகும். வெளியே நின்றால் பந்து உள்ளே போகும். அவன் எதைச் செய்தாலும் தப்பாகிவிடும்!

ஏன் இப்படி ஆட வேண்டும்? பெரிய கல்லூரிகளில் முன்வரிசையில் நிற்பவர்கள் 130, 140 கிலோ இருப்பார்கள். வெஸ்ட் பாயின்ட்டில் படிப்பவர்கள் ராணுவத்துக்குத் தேவையான உடல்வாகில் இருக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் ராணுவப் பணியும் கட்டாயம். அதனால் நாட்டின் உச்ச வீரர்கள் பெரும்பாலும் இங்கே வருவதில்லை. ஆள் பலத்தில் ஜெயிக்க முடியாதவர்கள், எதிராளியை யோசிக்க வைத்து ஜெயிக்கிறார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. எறிந்த பந்தைப் பிடிக்காமல் விட்டால் கடிகாரம் நிற்கும். மைதானத்துக்குள்ளேயே ஓடி விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 2018-ல் ஓக்லஹோமாவுடன் நடந்த மேட்ச் இதற்கு நல்ல உதாரணம். எதிரணியின் குவார்ட்டர்பேக் கைலர் மர்ரி. அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கியவர். 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடங்களுக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது ஆர்மி. அவரை ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வைத்துவிட்டார்கள். கடைசியில் கூடுதல் நேரத்தில் 28-21 என்று ஆர்மி தோற்றது. ஆனால், அந்தத் தோல்வியைப் பற்றி அண்ணன் இன்றைக்கும் ஜெயித்த மாதிரிதான் பேசுவார்.

`சிம்பிளா பண்ணிடலாமே!'

பிறகு ஏன் மாற்றினார்கள்? 2022-ல் ஒரு விதி மாறியது. இடுப்புக்குக் கீழே பாய்ந்து எதிராளியைத் தடுப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. சிறிய உடம்புக்காரர்கள் பெரிய உடம்புக்காரர்களை ஓரங்களில் சாய்க்க வைத்திருந்த ஆயுதமே அதுதான். காயங்களைக் குறைக்க வந்த விதி என்பதால் குறை சொல்லவும் முடியாது.

பயிற்சியாளர் ஜெஃப் மங்கன் 2023-ல் ஒரு முடிவெடுத்தார். குவார்ட்டர்பேக் சில யார்டுகள் பின்னால் தள்ளி நின்று பந்தை வாங்கும் `ஷாட்கன்' முறைக்கு டீமை மாற்றினார். எல்லா டீமும் ஆடுவது அதுதானே, எறிவதற்கும் வசதி, பழைய சிக்கலான ஆட்டம் எதற்கு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த சீசன் 6 வெற்றி, 6 தோல்வி. முழுக்க மோசம் என்று சொல்ல முடியாது. ஏர்ஃபோர்ஸ், நேவி என்ற இரண்டு பரம வைரிகளையும் ஆர்மி அந்த வருடம் ஜெயித்தது. ஆனாலும், டீம் தடுமாறியது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது என் கதை. ஜர்னலிசம் டிப்ளோமா முடித்து டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த புதிது. எனக்கு வருவது ஒன்றுதான். யாருக்காவது போன் போட்டுப் பேசி, அவர்கள் சொன்னதை நேராக எழுதுவது. கரன்ட் பில் குழப்பமா, ரேஷன் கார்டு சிக்கலா, சம்பந்தப்பட்டவரைப் பிடித்துப் பேசி எழுதிவிடுவேன். ஆனால், பக்கத்து சீட்டில் ரீல்ஸ் பறந்தது. லைவ் பிளாக், போட்டோ கேலரி, `தெரிந்துகொள்ள வேண்டிய 7 விஷயங்கள்' எல்லாம் பறந்தது. நானும் மாறினேன். `நீளமா எழுதாம சிம்பிளா பண்ணிடலாமே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சிம்பிளாக இல்லை. கேமரா முன்னால் நின்றால் வாய் குழறும். ஒரு நிமிட வீடியோவுக்கு 14 டேக். நடுராத்திரி ஆபீஸ் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியிருக்கிறேன். எழுதுகிற கையும் மெல்ல தயங்க ஆரம்பித்தது. எந்த வரியை எழுதினாலும், `இது ரீலுக்கு ஆகுமா?' என்று ஒரு யோசனை. அண்ணனிடமிருந்து 62-0 வந்தது அந்த மாதத்தில்தான்.

திரும்பிப் போனவர்கள்

2024-ல் ஆர்மி திரும்பிப் போனது. ஏற்கெனவே டீமில் இருந்த கோடி வொர்லி என்ற பயிற்சியாளரிடம் தாக்குதல் ஆட்டத்தின் பொறுப்பைக் கொடுத்தார் மங்கன். குவார்ட்டர்பேக் மறுபடியும் சென்டரின் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வந்து நின்றார். ஓட்டம், ஓட்டம், மேலும் ஓட்டம். பழையதை அப்படியே நகல் எடுக்கவில்லை. பிரைசன் டெய்லி என்ற முரட்டு உடம்புக்கார குவார்ட்டர்பேக்கையே அடிக்கடி பந்தோடு ஓடவிட்டார்கள்.

முதல் ஒன்பது மேட்சும் வெற்றி. சராசரியாக ஒரு மேட்ச்சுக்கு சுமார் 300 யார்டு ஓடியே எடுத்தார்கள். நாட்டிலேயே அதுதான் முதலிடம். டெய்லி மட்டும் 32 முறை பந்தோடு எல்லைக்குள் ஓடினார். நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருது ஆர்மிக்குக் கிடைத்தது. அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் சேர்ந்த முதல் வருடமே இறுதிப்போட்டியில் டுலேனை 35-14 என்று வீழ்த்திப் பட்டமும் வாங்கினார்கள். 1890-லிருந்து ஃபுட்பால் ஆடும் கல்லூரிக்கு அதுதான் முதல் கான்ஃபரன்ஸ் பட்டம்!

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அடுத்த வாரம் நேவி வந்தது.

2024 டிசம்பர் 15, நம்ம நேரம் அதிகாலை 1.30 மணி. நைட் ஷிப்ட். ஒரு ஸ்கிரீனில் மழை அலர்ட், இன்னொரு ஸ்கிரீனில் ஆர்மி - நேவி ஸ்கோர். நேவியும் ஓடிப் பழகிய டீம்தான். 2023-ல் 5 வெற்றி, 7 தோல்வி என்று தடுமாறியவர்கள், ட்ரூ குரோனிக் என்ற புதிய ஆளை அழைத்துவந்து ஆட்டத்தை மாற்றியிருந்தார்கள். ஷாட்கன் உண்டு, எறிதலும் முன்பைவிட அதிகம். அந்த நேவி 31-13 என்று ஆர்மியை வீழ்த்தியது.

அண்ணன் போன் செய்தார். ``மாறினவன் ஜெயிச்சுட்டான் பாரு பாப்பா. நாமதான் பழசைப் பிடிச்சுத் தொங்குறோமோ?''

டெஸ்க்கில் உட்கார்ந்து நேவியின் கணக்கைப் பார்த்தேன். அவர்களுடைய குவார்ட்டர்பேக் பிளேக் ஹோர்வத் அன்று எறிந்து எடுத்தது 107 யார்டு. ஓடி எடுத்தது 204 யார்டு. நேவி எங்கே மாறியது? நிற்கிற இடம் மாறியது, எதிராளியைக் குழப்பும் விதம் மாறியது. ஓட்டம் அப்படியே இருந்தது. அந்தப் பையன்களின் காலுக்குத் தெரிந்ததை யாரும் பிடுங்கவில்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். ஓட்டத்தையே நம்பும் ஒரு டீம் ஆட்டத்தை எளிமையாக்க வேண்டுமா? கட்டாயம் ஆக்கலாம். ஆனால், எளிமை யாருக்கு என்று முதலில் கேட்க வேண்டும். கேலரியில் இருக்கும் நமக்கு டிரிப்பிள் ஆப்ஷன் பயங்கரச் சிக்கலாகத் தெரியும். ஆடுகிறவனுக்கு அதில் அடிப்படை ஆட்டங்கள் கொஞ்சம்தான். அதையே தினம் தினம் செய்து பழகியிருக்கிறான். மாறாக, எல்லோரும் ஆடும் ஆட்டம் நமக்குப் பழக்கமாகத் தெரியும். அதை முதல்முறை ஆடுகிறவனுக்கு ஒவ்வொரு நொடியும் யோசனை. யோசிக்க வைப்பதைக் குறைப்பதுதான் எளிமை. அவனுக்கு யோசிக்காமல் வருவதைக் குறைத்துவிட்டால், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஓட்டத்தை மட்டும் நம்பினால், பின்தங்கிய நேரத்தில் சீக்கிரம் எட்டிப்பிடிக்க முடியாது. அதே சீசனில் நோட்ரடேம் 49-14 என்று ஆர்மியை அடித்தது. நேவியிடமும் பின்தங்கிய பிறகு, எறிந்து மீள முடியவில்லை. அதனால் கொஞ்சமாவது எறியக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஓட்டத்துக்குத் துணையாகக் கற்றுக்கொள்ளலாம், பதிலாக வேண்டாம் என்பது என் கட்சி.

டிசம்பர் கடைசியில் லூசியானா டெக்கை 27-6 என்று ஜெயித்து, 12 வெற்றிகளோடு சீசனை முடித்தது ஆர்மி. அந்தக் கல்லூரியின் சரித்திரத்திலேயே அதுதான் அதிகம்.

ஜனவரியில் நான் எங்கள் டெஸ்க் சீஃப் முன்னால் போய் நின்றேன். ``அக்கா, வாரத்துக்கு ஒரு வீடியோ கண்டிப்பா பண்றேன். மத்த நாள்ல போன் போட்டுப் பேசி எழுதுறேனே'' என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். ``வியூஸ் குறையும், தெரியும்ல?'' என்றார். ``தெரியும்க்கா'' என்றேன். ``மூணு மாசம் பார்க்கலாம்'' என்றார்.

வியூஸ் குறையத்தான் செய்தது. ஆனால், ஓய்வூதியம் நின்றுபோன ஒரு பாட்டியைப் பற்றி எழுதியது அந்த மூன்று மாதத்தில்தான். பாட்டிக்குப் பணம் வந்த அன்று அவருடைய பேத்தி போன் செய்து பத்து நிமிடம் பேசினாள். மூன்று மாதக் கெடு முடிந்த அன்று அக்கா எதுவும் சொல்லவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வீடியோவுக்கு இப்போது 14 டேக் ஆவதில்லை. ஆறு டேக்கில் முடித்துவிடுகிறேன். அண்ணனிடம் சொன்னேன். ``பரவாயில்லையே பாப்பா, எறியவும் கத்துக்கிட்ட!'' என்றார்.